லத்தீன் வந்தால் அம்மா எழுந்துவிடுவார்

மரியே வாழ்க
விருத்தாசலம், 14.7.2024

அன்புள்ள அண்ணன் மதிவாணனுக்கு,

தங்கை மோகனப்பிரியா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உனக்குச் சளி விட்டதா, குருமடத்தில் குளிக்க வெந்நீர் கொடுக்கிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

இனி அம்மா சொல்வது: "தம்பி, நேரத்துக்குச் சாப்புடு. சாமியாருங்க சொல்றத கேளு. ஆறு மாசக் கொழந்தையா நீ வலிப்பு வந்து கெடந்தப்ப பெரியநாயகி மாதாவுக்கு நேர்ந்துகிட்டு ஒன்ன மீட்டேன். பிப்ரவரியில நீ அங்கி போடுற அன்னிக்கு வேன் வெச்சுகிட்டு எல்லாரும் வரோம்."

அம்மா பால் வாங்கப் போய்விட்டார். இனி நான். மாதம் ஒரு முறை ஆபீஸ் போனில் நீ பேசும்போது உனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்கிறது. எனக்கு அதில் பேச வருவதில்லை. எதில்தான் வந்தது. ஒன்பதாவதோடு நான் நின்றது வாய் திறக்காததால்தான் என்று பானுமதி அக்கா பொம்மைக் கம்பெனியில் இன்றும் சொல்கிறார். அது இல்லை, அப்பா இறந்து அம்மாவோடு வேலைக்கு வந்ததால்தான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

அதனால் கடிதம் போடு. அங்கே என்ன படிக்கிறாய் என்று எழுது. அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பிரியா


மரியே வாழ்க
குருமடம், 28.7.2024

பாசமுள்ள பிரியாவுக்கு,

அண்ணன் நலம். அம்மாவுக்கு என் தோத்திரம் சொல். சளி விட்டது. வெந்நீர் உண்டு, வரிசையில் முதலில் நிற்பவனுக்கு மட்டும். சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஞாயிறு கோழி. காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம், பூசை, வகுப்பு. என் கட்டில் ஜன்னல் ஓரம். பக்கத்துக் கட்டில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பையன், குறட்டை விடுவான். அம்மா கொடுத்த எள்ளுருண்டையை அவன்தான் பாதி தின்றான். அங்கிக்கு அளவு எடுக்க டெய்லர் வருவார் என்கிறார்கள். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டு நடக்கிறேன்.

இனி லத்தீன். இது உனக்கு. இந்த வாரம் ஒரு சொல் வந்தது, உன் ஞாபகம் வந்துவிட்டது. ஃபிக்டிலிஸ். மண்ணால் ஆன, மண்ணைப் பிசைந்து செய்த என்று பொருள். ஃபிங்கெரெ என்ற வினையிலிருந்து வருகிறது. கையால் பிசைந்து உருக் கொடுப்பது. நாம் தேகம் என்கிறோமே, அந்த வடசொல்லுக்கும் வேர் இதுவேதான் என்றார் லத்தீன் சாமியார். பிறகு காலப்போக்கில் அந்த வினைக்கே இல்லாததை உண்டாக்குவது, பாசாங்கு செய்வது என்றும் பொருள் வந்துவிட்டது.

லத்தீனில் பெயரோடு சேர்ந்து வரும் இந்த மாதிரிச் சொல்லும் பெயரைப் பார்த்து உருமாறும். எழுதிப் பார்:

ஃபிக்டிலிஸ்: ஆணுக்கும் பெண்ணுக்கும்
ஃபிக்டிலே: இரண்டும் அல்லாததற்கு
ஃபிக்டிலெம்: மண்ணாலானவனை, மண்ணாலானவளை
ஃபிக்டிலி: மண்ணாலானதற்கு

பெரும்பாலான சொற்களில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இதில் இருவருக்கும் ஒன்றே.

அம்மாவின் கை வலி எப்படி?
மதி


மரியே வாழ்க
விருத்தாசலம், 11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கை வலி சூளை வண்டியில் சரக்கு அடுக்குகிற நாளில் கூடுகிறது, ஞாயிறு குறைகிறது.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். கோழிக்கு அம்மா சந்தோஷப்பட்டார். எள்ளுருண்டைக்குத் திட்டினார். அடுத்து நான் ஃபிக்டிலிஸ் என்றதும் எழுந்துவிட்டார். "லத்தீன் வந்துடுச்சா? அது ஒங்க ரெண்டு பேருக்கு. எனக்கு அடுப்புல வேல கெடக்குது."

நான் தனியாகப் படித்தேன். நம் மொழியில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு, எதற்கும் நல்ல என்ற சொல் மாறுவதில்லை. பக்கத்தில் யார் வந்தாலும் மாறிக்கொண்டே இருப்பது பாவமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எனக்குப் பிடித்தது.

கம்பெனியில் சதுர்த்திக்காக ஒரே பிள்ளையார். மண் கூழை அச்சில் ஊற்றி, ஓரத்தில் படிந்ததும் மீதியைக் கவிழ்த்து, அச்சைத் திறந்தால் பிள்ளையார். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் தும்பிக்கை முதல் கால் வரை ஒரு கோடு நிற்கும். அதைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. துர்கா அக்கா சொன்னார், "மாதா கோயில் பொண்ணு கையாலதான் எங்க புள்ளையாருக்கு மூஞ்சி கழுவணும்னு இருக்குது."

அதே அக்கா அம்மாவை வம்புக்கு இழுத்தார். "இருக்குறது ஒரே மவன். அவன் சாமியாரா போறேன்னுட்டு பாதியில ஓடியாந்துட்டா என்னாக்கா பண்ணுவ?"

அம்மா சொன்னார், "மாதாகிட்ட ஒரு புள்ளைய தரேன்னுதான் சொன்னேன். ஆம்பளப் புள்ளைன்னு சொல்லல. அவன் வந்தா இவள கொண்டுபோயி மடத்துல வுட்டுருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போனில் சொன்னாயே, அந்தக் கண் எரிச்சலுக்கு மருந்து போடுகிறாயா?
பிரியா


மரியே வாழ்க
குருமடம், 8.9.2024

பாசமுள்ள பிரியாவுக்கு,

இன்று மாதா பிறந்த நாள், பாயசம். அம்மாவுக்கு என் தோத்திரம். கண் சரியாகிவிட்டது. டெய்லர் வந்து அளவு எடுத்தார். அம்மா கையை வெந்நீரில் வைக்கச் சொல். எல்லாம் நன்றாக நடக்கிறது.

இனி லத்தீன். ஃபிக்டிலேஸ்: மண்ணாலான பலர். ஃபிக்டிலியா: மண்ணாலான பல பொருட்கள். ஃபிக்டிலியும்: மண்ணாலானவர்களுடைய. ஃபிக்டிலிபுஸ்: மண்ணாலானவற்றில், மண்ணாலானவர்களுக்கு.

அம்மா எழுந்துவிட்டாரா? பார்த்துவிட்டு இதற்குக் கீழே படி.

பிரியா, எனக்கு இது வரவில்லை. லத்தீன் வருகிறது. வகுப்பில் நான்தான் முதல். ஜெபம்தான் வரவில்லை. முழங்காலில் நிற்கும்போது எல்லோர் உதடும் அசைகிறது, என் உதடும் அசைகிறது. உள்ளே ஃபிக்டிலிஸ், ஃபிக்டிலெம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் மாதம் பழகிவிடும் என்று நினைத்தேன். இப்போது காலை மணி அடித்தால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறேன். டெய்லர் கழுத்துக்கு அளவு நாடா போட்டபோது பின்னால் நகர்ந்துவிட்டேன். "கூச்சமா தம்பி" என்றார்.

எனக்கு மொழி படிக்க வேண்டும். காலேஜில் சேர்ந்து, வாத்தியாராகி, சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் மீட்ட உயிர் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாரே.

யாரிடமும் சொல்லாதே. நீ யாரிடம் சொல்லப்போகிறாய்.
மதி


மரியே வாழ்க
விருத்தாசலம், 22.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மா எழுந்துவிட்டார். அதன் பிறகுதான் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

உடனே பதில் எழுத முடியவில்லை. கம்பெனியில் கொலு பொம்மை வேலை அதிகம், அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

உனக்குப் பிடிக்காததைச் செய்யாதே. நேற்று ஒரு பொம்மை என் கை தவறி விழுந்தது. சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மை. சூப்பர்வைசர் திட்டவில்லை. "பச்சதான, தொட்டியில போடு, கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சுட்டு வந்த பிறகு உடைந்திருந்தால் விடமாட்டார். உனக்கும் பிப்ரவரி வரைதான் இருக்கிறது. அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடு.

என்னைப் பற்றி யோசிக்காதே.

நேரத்துக்குத் தூங்கு.
பிரியா


மரியே வாழ்க
குருமடம், 27.10.2024

பாசமுள்ள பிரியாவுக்கு,

நலம். அம்மாவுக்குத் தோத்திரம், இருவருக்கும் தீபாவளி வாழ்த்து. மழையில் இங்கே துணி காயவில்லை.

இனி லத்தீன். போன தடவை எழுதிய அட்டவணையையே சொல்லிப் பார்.

பிரியா, இந்த மாதம் போனில் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். அம்மா எடுத்ததும், "அங்கி தெச்சாச்சா தம்பி?" என்றார். தைத்தாகிவிட்டது அம்மா என்றேன். பிறகு என் நேரம் முடிந்துவிட்டது. அங்கி என் அலமாரியில் தொங்குகிறது. கதவைத் திறக்காமல் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன்.

நான் ஒன்று கேட்டால் கோபப்படாதே. நீ சொல்லேன். நீ பக்கத்தில் இருக்கிறாய். அம்மா நல்ல மனநிலையில் இருக்கும்போது மெதுவாகச் சொல். எப்படியும் திட்டு வாங்கப்போவது நான்தான். உனக்கு ஒன்றும் ஆகாது.

பதில் போடு. சீக்கிரம்.
மதி


மரியே வாழ்க
விருத்தாசலம், 10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

நீ சொன்னதைச் சொல்ல இரண்டு முறை பார்த்தேன். ஒரு முறை அம்மா வேன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அம்மா என்று ஆரம்பித்துவிட்டு, பால் வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அம்மா என்னைக் கன்னியர் மடத்துக்குக் கூட்டிப்போனார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றார். நல்ல இடம். வராந்தா எல்லாம் கண்ணாடி மாதிரித் துடைத்திருந்தார்கள். மதர் ஒரு தட்டில் கேக் வைத்துக் கொடுத்தார். என்னை ஏதேதோ கேட்டார், நான் தலையை ஆட்டினேன். "அமைதியான பொண்ணு. எங்களுக்கு இந்த மாதிரிதான் வேணும்" என்று அம்மாவிடம் சொன்னார். கன்னியராகச் சேர நினைக்கும் பெண்களுக்கு ஜனவரியில் தேவ அழைத்தல் முகாம் இருக்கிறதாம். பத்து நாள்.

வரும் வழியில் அம்மா தன் பங்குக் கேக்கையும் எனக்கே கொடுத்தார்.

இங்கே வெயில் இல்லை. பொம்மைகள் காய நாளாகிறது.
பிரியா


மரியே வாழ்க
குருமடம், 17.11.2024

பாசமுள்ள பிரியாவுக்கு,

நலம். அம்மாவுக்குத் தோத்திரம். காய்ச்சல் முழுவதும் விட்டதா?

இனி லத்தீன். ஃபிக்டிலிஸ், ஃபிக்டிலிஸ், ஃபிக்டிலே. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான் என்று முன்பே எழுதினேன். ஃபிக்டிலெம், ஃபிக்டிலெம், ஃபிக்டிலே.

பிரியா, அம்மா எழுந்த பிறகு படி. உன்னை எதற்கு மடத்துக்குக் கூட்டிப்போனார்? நீ எழுதவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் எழுதியிருக்கிறாய். அவன் வந்தா இவள. நீ சிரித்தேன் என்று எழுதியதால் நானும் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். செப்டம்பரில் எனக்கு இது வரவில்லை என்று நான் எழுதியபோதே, நான் வந்தால் நீ மடத்துக்கு என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் பிடிக்காததைச் செய்யாதே என்று எனக்கு எழுதினாய்.

நான் வரவில்லை. உன்னை அனுப்பிவிட்டு நான் சட்டை பேண்ட் போட்டுத் திரிய முடியாது. அங்கி போட்டுக்கொள்கிறேன். உதடு அசைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஆயுள் முழுக்க அசைத்துவிடுவேன், யாருக்கும் தெரியாது. நீ முகாமுக்குப் போகாதே. ஏதாவது காரணம் சொல். அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.
மதி


மரியே வாழ்க
விருத்தாசலம், 1.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தான். உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. என்ன நடந்ததென்று எழுதுகிறேன்.

போஸ்ட்மேனிடம் அம்மாதான் வாங்கினார். வழக்கம்போல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். காய்ச்சல் விட்டதா என்பது வரை படித்தேன். "இப்ப லத்தீன் வருதும்மா" என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "வரட்டும். படி."

ஃபிக்டிலிஸ், ஃபிக்டிலிஸ், ஃபிக்டிலே என்று மெதுவாகப் படித்தேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று என்பதையும் படித்தேன். "என்னா சொல்லு அது?" என்றார். மண்ணால செஞ்சதுன்னு அர்த்தம்மா என்றேன். "நம்ம தொழிலுதான்" என்றார். மறுபடியும் ஃபிக்டிலெம், ஃபிக்டிலே. முடிந்துவிட்டது. நான் தாளை மடித்தேன்.

"எதுக்கு மடிக்கிற? மேல படி."

"அவ்ளோதாம்மா."

"மொதல்ல எனக்கு ஒரு பக்கம், லத்தீனுக்கு பத்து வரின்னு வந்துச்சு. இப்ப எனக்கு ரெண்டு வரி, லத்தீன் பக்கம் முழுக்க. நான் எழுத்து தெரியாதவ. தாளு தெரியாதவ இல்ல. அதப் பாத்துதான் ஒன்ன மடத்துக்கு கூட்டிட்டுப் போனேன். படி."

மழை, குறட்டை விடும் பையன், கோழி, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அதனால் இருப்பதைப் படித்தேன். அம்மா எழுந்த பிறகு படி என்பதையும் படித்தேன். சட்டை பேண்டைப் படித்தேன். உதடு அசைப்பதைப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா, "ஒரக்க" என்றார்.

முடிந்ததும் குக்கர் விசில் அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அம்மா கேட்டார், "அப்ப நீ போறியா?"

"இல்லம்மா."

"என்னா?"

"போவல. எனக்கு இஷ்டம் இல்ல."

"மதர் கேட்டப்ப தலைய ஆட்டுன?"

"நான் எல்லாத்துக்கும்தாம்மா தலைய ஆட்டுவேன்."

அம்மா என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் சொன்னேன், பத்தாவது பிரைவேட்டா எழுதணும்னு. இதை உனக்குக்கூட நான் எழுதியதில்லை. "ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட இத்தினி நாளா லத்தீன் பேசியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை அணைக்கப் போனார்.

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறார். கம்பெனியில் துர்கா அக்காவிடம் மட்டும், "எம் புள்ளைங்க மேல கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டப்போறேன்" என்றார். "கட்டு. மாதாவ வுட்டுட்டு முருகன்கிட்ட போயிட்டன்னு மாதா ஒம் மேல ஒரு பிராது கட்டுவாங்க" என்றார் அக்கா. அம்மா சிரிக்கவில்லை.

வேனை வேண்டாம் என்று சொன்னாரா, தெரியவில்லை. நீ நடிக்காதே. நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். இனி நீ எனக்காக அங்கே இருக்க வேண்டியதில்லை.
பிரியா


மரியே வாழ்க
குருமடம், 8.12.2024

பாசமுள்ள பிரியாவுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே குருமட அதிபர் தந்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இருபத்துமூன்றாம் தேதி போகலாம் என்றார். அலமாரியைத் திறந்து அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

இன்று லத்தீன் இல்லை. இது முழுவதும் அம்மாவுக்கு. அம்மா, நான் வீட்டுக்கு வரலாமா? நீங்கள் வா என்றால்தான் வருவேன். இல்லையென்றால் மங்கலம்பேட்டையில் ஒரு நண்பன் வீடு இருக்கிறது.

உங்கள் கை வலி எப்படி இருக்கிறது?
மதிவாணன்


மரியே வாழ்க
விருத்தாசலம், 15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தேன். அம்மா கேட்டுவிட்டு ஸ்டூலை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நேற்று சனிக்கிழமை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, எங்கே என்று சொல்லாமல் காலை பஸ்ஸில் போய்விட்டார். கொளஞ்சியப்பர் கோயிலுக்குத்தான் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் வந்தார். புடவை முழுக்கத் தூசி.

"கோணான்குப்பம் பெரியநாயகி மாதாகிட்ட போயிட்டு வரேன்" என்றார். அம்மா பேசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார். "மாதா முன்னால ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். நேர்ந்துகிட்டவ நான். ஒங்கள கேட்டுட்டு நேரல. அப்ப குடுக்க வேண்டிய ஆளு நான்தான்னு தோணுச்சு. கோயில்ல கேட்டுட்டு வெளக்குமாத்த எடுத்து முன்னாலயும் பின்னாலயும் பெருக்கிட்டு வந்தேன். இனிமே சனிக்கெழமைக்கு சனிக்கெழம போவப்போறேன். அன்னிக்கி சோறு நீங்கதான் ஆக்கணும், அவனும் சேந்துதான்."

அவனும் என்று சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வேனையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மதரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். "தலைய ஆட்டாத, வாய தொறந்து சொல்லு" என்றார். நாளைக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கைக்குத் தைலம் தேய்த்தபடி அம்மா ஒன்று கேட்டார். "அந்த மண்ணு வார்த்த ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒண்ணுதான்னு எழுதியிருந்தானே, வயசான பொம்பளைக்கும் அதேதானா, வேறயா?"

எனக்குத் தெரியவில்லை. வந்து நீயே சொல்.

பிரியா